ஊரின் வரைபடத்தை ஊரே வரையட்டும்

கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் இடம் எண்ணூர்க் கழிமுகம். வடசென்னையின் மழைவெள்ளம் வடிய அதுவே வழி; இறாலும் நண்டும் பிடித்து வாழும் மீனவக் குடும்பங்களுக்கு அதுவே பிழைப்பு. 1996இல் மத்திய அரசின் ஒப்புதலைப் பெற்ற கடலோர மண்டல மேலாண்மை வரைபடம் அந்த நீர்ப்பரப்பைப் பாதுகாக்க வேண்டிய பகுதியாகக் காட்டியது. பிற்பாடு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக 2017 வாக்கில் வெளிவந்த வேறொரு வரைபடத்தில் கழிமுகத்தின் பெரும்பகுதியே காணவில்லை என்று மீனவர்களும் சூழலியல் செயல்பாட்டாளர்களும் பொதுவெளியில் எடுத்துவைத்தார்கள். ஆறு தன் இடத்தில்தான் இருந்தது. ஆனால், கட்டுமானத்துக்கு அனுமதி கொடுக்கும் மேசைக்கு ஆறு வருவதில்லை, வரைபடம்தான் வருகிறது.

நம் வாழ்க்கையின் பெரிய முடிவுகள் பலவும் இப்படி வரைபடத்தின் மேல்தான் எடுக்கப்படுகின்றன. எந்த நிலம் நீர்நிலைப் புறம்போக்கு, நெடுஞ்சாலை யாருடைய தோட்டத்தின் வழியாகப் போகும், எந்தத் தெரு எந்த வார்டில் சேரும், எந்தக் கிராமத்துக்குத் துணை சுகாதார நிலையம் கிடைக்கும் எனப் பலவற்றுக்கும் விடை ஏதோ ஒரு கணினித் திரையில் வரையப்பட்ட கோட்டில் இருக்கிறது. அந்தக் கோட்டைப் படிக்கவும், சரிபார்க்கவும், வேண்டுமானால் தாமே வரைந்து காட்டவும் தெரிந்தவர்கள் ஒவ்வோர் ஊரிலும் சிலராவது இருக்க வேண்டும். கணினியில் வரைபடம் உருவாக்கும் அடிப்படைத் திறனைப் பொறியாளர்களுக்கு மட்டுமான படிப்பாக விட்டுவைக்காமல், பள்ளிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் கொண்டுபோக வேண்டிய காலம் வந்துவிட்டது. அதற்கான கருவி இலவசமாகக் கிடைக்கிறது. தரவுகளுக்கான தடைகளும் பெரிதும் விலகியிருக்கின்றன. மிச்சமிருப்பது கற்றுக்கொடுக்கும் மனம்.

கைபேசி காட்டாதவை

இன்று ஏறக்குறைய எல்லோர் கையிலும் வரைபடம் இருக்கிறது. வழி கேட்டு நிற்கும் பழக்கமே குறைந்துவிட்டது. ஆனால் கைபேசிச் செயலியில் எதைக் காட்டுவது, எதை விட்டுவிடுவது என்று தீர்மானிப்பது அதை நடத்தும் நிறுவனம். உணவகமும் பெட்ரோல் பங்க்கும் அதில் தவறாமல் இருக்கும். ஏரியின் கலிங்கிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகும் வாய்க்கால் பெரும்பாலும் இருக்காது. பத்து ஆண்டுகளுக்கு முன் இந்தக் குளம் எவ்வளவு பரப்பில் இருந்தது என்று அந்தச் செயலியைக் கேட்டால் அதனிடம் பதில் இல்லை. அது வழி சொல்வதற்காகச் செய்யப்பட்டது, ஆராய்வதற்காக அல்ல.

கணினியில் நிறுவிக்கொண்டு வேலை செய்யும் வரைபட மென்பொருள் வேறு வகையானது. அதில் நாம் சேர்க்காத எதுவும் படத்தில் வராது. ஒவ்வொரு புள்ளிக்கும் கோட்டுக்கும் பின்னால் ஓர் அட்டவணை இருக்கும். அந்தத் தகவல் எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டில் அளந்தது என்பதையெல்லாம் அதில் பதிந்து வைக்கலாம். இணையம் இல்லாத இடத்திலும் வேலை நடக்கும். தரவு நம் கணினியிலேயே இருக்கும்.

இந்த வகையில் உலகெங்கும் பரவலாகப் புழங்குவது க்யூஜிஐஎஸ். அலாஸ்காவைச் சேர்ந்த கேரி ஷெர்மன் 2002இல் லினக்ஸ் கணினியில் வரைபடத் தரவுகளைத் திறந்து பார்ப்பதற்கு ஒரு சிறு நிரலாக இதைத் தொடங்கினார். 2009இல் முதல் முழுப் பதிப்பும், 2018இல் மூன்றாம் தலைமுறைப் பதிப்பும் வந்தன. பல நாடுகளின் தன்னார்வலர்களும் நிறுவனங்களும் சேர்ந்து வளர்த்த இந்த மென்பொருளை யாரும் காசில்லாமல் நிறுவிக்கொள்ளலாம், நகலெடுக்கலாம், மூல நிரலைத் திறந்து மாற்றவும் செய்யலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வணிக மென்பொருட்களின் உரிமக் கட்டணம் ஓர் ஊராட்சிக்கோ அரசுக் கலைக்கல்லூரித் துறைக்கோ எட்டாதது. வறுமையால் ஒதுங்கி நிற்க வேண்டிய அந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதே க்யூஜிஐஎஸ் நமக்குச் செய்திருக்கும் பேருதவி.

சென்னையில் தொடங்கிய அளவை

நிலத்தை அளக்கும் நவீனக் கலைக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவு பழையது. 1794இல் மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் புனித ஜார்ஜ் கோட்டையை ஒட்டித் தொடங்கப்பட்ட அளவைப் பள்ளிதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இமயம் வரை சென்ற மாபெரும் முக்கோண அளவைக்கு அதுவே முதல் கோடு. கோணங்களை அளக்கும் அவருடைய தியோடலைட் கருவி அரை டன் எடை கொண்டது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அதை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து மோதிச் சேதமடைய, அதை அவரே சீர்செய்து வேலையைத் தொடர்ந்தார்.

அந்த அளவையின் நோக்கம் ஆட்சியும் படையும் வரிவசூலும். அதனால் வரைபடம் அரசின் அலமாரிக்குள் இருக்க வேண்டிய பொருளாயிற்று. விடுதலைக்குப் பிறகும் பாதுகாப்பு என்னும் காரணத்தால் அந்த நிலை நீடித்தது. எல்லைப்புறத்தோடு கடற்கரையை ஒட்டிய பகுதிகளின் நிலவரைபடங்களும் வெகுகாலம் கட்டுப்பாட்டில் இருந்தன. நீண்ட கடற்கரை கொண்ட தமிழ்நாட்டில் இதனால் ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் பட்ட சிரமம் கொஞ்சமல்ல.

பூட்டு ஒவ்வொன்றாகத் திறந்தது. 2005இன் தேசிய வரைபடக் கொள்கை, பாதுகாப்புத் துறைக்கு ஒரு வரிசையும் பொதுமக்களுக்கு ஒரு வரிசையுமாகப் படங்களைப் பிரித்தது. 2017இல் மத்திய அரசின் நில அளவை அமைப்பான சர்வே ஆஃப் இந்தியா பொதுப் பயன்பாட்டுப் படங்களை இணையத்தில் இலவசமாகத் தரத் தொடங்கியது. 2021 பிப்ரவரி 15 அன்று வெளியான மத்திய அரசின் வழிகாட்டுதல்கள், இந்தியர்களும் இந்திய நிறுவனங்களும் முன்அனுமதி இல்லாமலேயே வரைபடத் தரவுகளைச் சேகரிக்கவும் உருவாக்கவும் வெளியிடவும் வழிவிட்டன. 2022 டிசம்பரில் தேசியப் புவிசார் கொள்கை வந்தது. வானத்திலிருந்தும் கதவு திறந்தது. 1972 முதல் பூமியைப் படமெடுத்துவரும் அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் 2008இலிருந்து எல்லோருக்கும் இலவசம். 2015இல் விண்ணுக்குப் போன ஐரோப்பாவின் சென்டினல்-2 வரிசை, 10 மீட்டர் நுணுக்கத்தில் எடுக்கும் படங்களும் அப்படியே. நம் இஸ்ரோவின் புவன் தளம் 2009 முதல் இயங்குகிறது. இவ்வளவு இருந்தும், ஊர்மக்கள் கேட்கும் கேள்விக்கு ஊர்மக்களே வரைந்த படத்தால் பதில் சொல்லும் வழக்கம் இன்னும் பரவவில்லை. கற்றுக்கொடுக்காமல் அது பரவாது.

அடிப்படை என்றால் என்ன?

இந்த மென்பொருளைத் திறந்ததும் தெரியும் பொத்தான்களின் கூட்டம் புதியவரை மிரட்டும். ஆனால் அடிப்படையாகத் தெரிய வேண்டியவை சிலதான். அவை ஒவ்வொன்றும் ஒரு குடிமைக் கேள்வியோடு பிணைந்தவை.

முதலாவது அடுக்கு. லேயர் என்றே பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள். சாலை ஓர் அடுக்கு, ஏரி ஓர் அடுக்கு, வீடுகள் ஓர் அடுக்கு. மேலேயும் கீழேயும் நகர்த்தி, வேண்டியதை மட்டும் ஒளிரவிட்டு, மற்றதை அணைத்துப் பார்க்கலாம். அடுக்குகள் இருவகை. செயற்கைக்கோள் படம்போலச் சின்னஞ்சிறு சதுரங்களால் ஆனது ராஸ்டர். புள்ளி, கோடு, பரப்பு என்று வடிவங்களால் ஆனது வெக்டர். கைப்பம்பு புள்ளி, வாய்க்கால் கோடு, ஏரி பரப்பு. எதை எந்த வடிவமாகக் கருதுவது என்று யோசிக்கத் தொடங்கும்போதே, பார்த்துப் பழகிய ஊரை மாணவர் கூர்ந்து பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

இரண்டாவது அட்டவணை. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு வரிசை; அதில் பெயர், பரப்பு, ஆண்டு என்று எத்தனையோ பத்திகள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்களை ஊர் எல்லையோடு இணைத்தால், எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் எந்த ஊர்களில் அதிகம் என்பது வண்ணங்களில் எழுந்து நிற்கும். இங்கேதான் ஒரு பாடம் காத்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இன்று 38. அன்றைய எண்களை இன்றைய எல்லைக்குள் அப்படியே ஊற்றினால், தென்காசி, மயிலாடுதுறை போன்ற புதிய மாவட்டங்கள் வெறுமையாக நிற்கும். திருநெல்வேலியின் எண் அதன் இன்றைய எல்லைக்குப் பொருந்தாமல் பெருத்திருக்கும். ஊர்ப்பெயர்களை வைத்து இணைப்பதும் ஆபத்து. ஒரே ஊரின் பெயரை ஒவ்வொரு துறையும் ஆங்கிலத்தில் ஒவ்வொரு விதமாக எழுதுகிறது. அதனால் பெயரை நம்பாமல் ஊருக்குரிய குறியீட்டு எண்ணை வைத்து இணைக்கப் பழக வேண்டும். செய்தித்தாளில் வரும் ஒரு வண்ண வரைபடத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்று எடைபோடும் திறன் இந்தப் பயிற்சியிலிருந்து வருகிறது.

மூன்றாவது, பலரும் தாண்ட முடியாமல் நிற்கும் இடம்: ஆயத்தொலைவு முறை. பூமி உருண்டை, திரை தட்டை. உருண்டையைத் தட்டையாக்கும்போது எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். ஜிபிஎஸ் கருவி இடத்தைப் பாகையில் சொல்கிறது. சென்னை ஏறத்தாழ 13.08 பாகை வடக்கு, 80.27 பாகை கிழக்கு. இந்த இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் பதிந்துவிட்டால் சென்னை போய் விழுவது நார்வேயின் ஸ்வால்பார் தீவுகளுக்கு வடக்கே, ஆர்க்டிக் கடலில். இன்னொன்று: பாகையில் இருக்கும் ஓர் அடுக்கில் ஏரிக்கரையைச் சுற்றி 50 மீட்டர் வளையம் வரைய நினைத்து வெறுமனே 50 என்று தட்டினால், மென்பொருள் அதை 50 பாகையாக எடுத்துக்கொள்ளும். ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர். அந்த வளையம் கண்டங்களைத் தாண்டிப் போகும்.

மீட்டரில் அளக்க யூடிஎம் என்னும் முறை இருக்கிறது. அது உலகை 6 பாகை அகலப் பட்டைகளாகப் பிரிக்கிறது. அந்தப் பட்டைகளின் எல்லையான 78 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகை தமிழ்நாட்டின் நடுவே ஓடுகிறது. கோவை, நீலகிரி, ஈரோடு, திருநெல்வேலி, நாகர்கோவில் ஆகியவை 43ஆம் பட்டையில். சென்னை, திருச்சி, தஞ்சை, மதுரை நகரம் ஆகியவை 44ஆம் பட்டையில். வெளிநாட்டுப் பாடக் காணொளி எதிலும் இந்த நுட்பம் வராது. நம் நிலத்தை வைத்து நம்மவர் எழுதும் பாடத்தில்தான் வரும். பழைய சர்வே ஆஃப் இந்தியா படங்களுக்கு வேறொரு சிக்கல். அவை பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் நீள்கோளம் என்னும் கணக்கை அடிப்படையாகக் கொண்டவை. இன்றைய ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84 என்னும் வேறு அடிப்படையைக் கொண்டது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் கோடுகள் நூறு மீட்டருக்கு மேலேகூட விலகி நிற்கும். ஆக்கிரமிப்பு நடக்காத இடத்தில் ஆக்கிரமிப்பு தெரியும். நடந்த இடத்தில் தெரியாமல் போகும்.

நான்காவது, பழைய காகிதப் படத்தைத் திரையில் அதன் சரியான இடத்தில் பொருத்துவது. ஜியோரெஃபரன்சிங் என்பார்கள். படத்தில் இருக்கும் கோயில், கோட்டை முனை, ரயில் பாதை, சாலைச் சந்திப்பு என மாறாத சில இடங்களை எடுத்து, இன்றைய ஆயத்தொலைவோடு ஒவ்வொன்றாகக் கோத்துவிட்டால் பழைய படம் இன்றைய தெருக்களின் மேல் வந்து படியும். சென்னைக்கு இதைச் செய்து பார்த்தவர்கள் மாம்பலம் வழியாக நீண்டு கிடந்த பெரிய ஏரியைக் கண்ணெதிரே காணலாம். 1920களில் அந்த ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் ஒரு சாலைக்கு இன்றும் லேக் வியூ ரோடு என்றுதான் பெயர். ஏரி இருந்த இடத்தின் எல்லையைச் சுட்டியால் ஒரு முறை வரைந்துவிட்டால், இன்று அதற்குள் இருக்கும் தெருக்கள் எவையெவை என்ற பட்டியலை மென்பொருள் நொடியில் தந்துவிடும். எந்த மழையில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்ற தகவலையும் அதன்மேல் வைத்தால், நூறாண்டு வரலாறும் நேற்றைய மழையும் ஒரே படத்தில் பேசும்.

ஐந்தாவது, கேள்வி கேட்பது. ஒரு பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டர் வளையத்துக்குள் எத்தனை வீடுகள்? ஏரியின் நீர்ப்பரப்பும் புதிய மனைப்பிரிவும் எங்கே ஒன்றையொன்று மேவுகின்றன? வளையம் வரைவதை பஃபர் என்றும், மேவும் பகுதியை வெட்டி எடுப்பதை இன்டர்செக்ஷன் என்றும் சொல்வார்கள். இவற்றோடு செயற்கைக்கோள் படத்தையும் சேர்த்தால் ஏரியின் ஆண்டுக் கணக்கையே எழுதலாம். நீர் பச்சை ஒளியைவிட அண்மை அகச்சிவப்பு ஒளியை அதிகம் உறிஞ்சும். சென்டினல்-2 படத்தின் 3ஆம், 8ஆம் அலைவரிசைகளை எடுத்து, அவற்றின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் தண்ணீர் இருக்கும் சதுரங்கள் தனியே ஒளிரும். ஒரு சதுரம் 100 சதுர மீட்டர். ஆக, 40 சதுரம் கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். பள்ளியில் படித்த கழித்தலும் வகுத்தலும் போதும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகம் மறைக்கும் என்பதால் ஜனவரிப் படத்தை எடுப்பது நல்லது. மழை நடுவிலேயே பார்க்க வேண்டுமானால் மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39 ஆயிரம் ஏரிகள் இருப்பதாகச் சொல்கிறோம். ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு மாணவர் குழு இந்தக் கணக்கை ஆண்டுதோறும் எழுதிவந்தால், ஒரு மக்கள் பதிவேடு உருவாகும்.

செய்தவர்கள் இருக்கிறார்கள்

இது நடக்காத கனவு என்று யாரும் சொல்ல முடியாது. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நகரம் மூழ்கிக் கிடந்த அந்த நாட்களில், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தை அடிப்படையாகக் கொண்டு வெள்ளம் சூழ்ந்த தெருக்களின் படம் ஒன்றைத் தன்னார்வலர்கள் இணையத்தில் உருவாக்கினார்கள். மக்கள் தங்கள் தெருவைத் தாங்களே குறித்தார்கள். எங்கே வண்டி போகும், எங்கே போகாது என்று அது சொன்னது. அந்தப் படத்துக்கு அடித்தளமாக இருந்த தெருக்கள், அதற்கு முன் பல ஆண்டுகளாகச் சென்னையின் ஆர்வலர்கள் பொறுமையாக வரைந்து சேர்த்தவை. பேரிடர் வந்த பிறகு வரையத் தொடங்கினால் காலம் கடந்துவிடும் என்பது அன்று கிடைத்த பாடம்.

அண்டை மாநிலமான கேரளம் இன்னொரு வழியைக் காட்டியது. அங்கே மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடநூலில் க்யூஜிஐஎஸ் இடம்பெற்றது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அடுக்குகளைச் சேர்த்தார்கள், பஃபர் வரைந்தார்கள், செய்முறைத் தேர்வும் எழுதினார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது பிடிபடும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் மீனவர்கள் சிலர் ஜிபிஎஸ் கருவியோடு நடந்து, வலை உலர்த்தும் இடம், படகு நிறுத்தும் மணல்வெளி, ஊர்ப் பொதுநிலம் ஆகியவற்றைப் பதிந்து வரைபடமாக்கியிருக்கிறார்கள். அரசுப் படங்களில் வெற்றிடமாகத் தெரியும் மணலில் எத்தனை பேரின் உழைப்பு நடக்கிறது என்பதை அந்தப் படங்கள் அதிகாரிகளுக்குப் புரியும் மொழியிலேயே சொல்கின்றன.

படத்துக்கும் எல்லை உண்டு

வரைபடம் கையில் வந்ததும் அதையே முடிவான உண்மையாகக் கொள்ளும் ஆபத்தும் உண்டு. அந்த எச்சரிக்கையும் அடிப்படைப் பாடத்தின் பகுதியாக இருக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் அதிகம் பயன்படுவது 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாட்கள் பறந்து ரேடாரால் எடுத்தது. அதன் ஒரு சதுரம் சுமார் 30 மீட்டர். உயரத்தில் சில மீட்டர் பிழை இருக்கும். பல இடங்களில் அது காட்டுவது தரையின் உயரத்தை அல்ல, மர உச்சியையோ மாடியையோ. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளை வரைய அது உதவும். திருவாரூர், நாகை போன்ற தட்டையான டெல்டாவில் தண்ணீர் எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்குப் போகும் என்று அதை வைத்துச் சொல்லப் புகுந்தால் அது பிழையாகவே முடியும். அங்கே மட்டப்பலகையோடு நேரில் அளப்பதற்கு மாற்று இல்லை.

அதேபோல, நாம் வரையும் படம் பட்டாவுக்கு ஈடாகாது. நில உரிமையைத் தீர்மானிப்பது அ-பதிவேடும் புலப்படமும் நில அளவரின் நேரடி அளவும்தான். நம் படத்தால் செய்ய முடிந்தது, சரியான கேள்வியைச் சரியான இடத்தைச் சுட்டிக் கேட்பது. இந்தச் சர்வே எண்ணில், இந்த மூலையில், இத்தனை சதுர மீட்டர் நீர்ப்பரப்பு இந்த ஆண்டுக்கும் அந்த ஆண்டுக்கும் இடையே குறைந்திருக்கிறது, நேரில் அளந்து சொல்லுங்கள் என்று மனு எழுதுகிறவருக்கும், எங்கள் ஏரியைக் காப்பாற்றுங்கள் என்று மட்டும் எழுதுகிறவருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருக்காது. வேறு சில பொறுப்புகளும் உண்டு. இந்தியாவின் எல்லையை வரையும்போது சர்வே ஆஃப் இந்தியா வெளியிட்ட எல்லைக்கோட்டையே பயன்படுத்த வேண்டும். சட்டம் அதைக் கோருகிறது. நோயாளிகளின் வீடு, தனித்து வாழும் பெண்களின் வீடு போன்றவற்றைப் புள்ளியாக்கிப் பொதுவில் வைக்கக் கூடாது. தெருவளவில் தொகுத்துக் காட்டினால் போதும்.

செய்ய வேண்டியவை

பள்ளிக் கல்வித் துறை முதலில் முன்வரலாம். அரசுப் பள்ளிகளில் ஹைடெக் ஆய்வகங்கள் இருக்கின்றன. மேல்நிலை வகுப்புகளில் புவியியல் பாடத்துக்குச் செய்முறையும் இருக்கிறது. இரண்டையும் இணைத்தால் போதும். ஒவ்வொரு பள்ளியும் தன் ஊரையே பாடமாக எடுத்துக்கொள்ளட்டும். ஒன்பதாம் வகுப்பில் தெருக்களையும் நீர்நிலைகளையும் வரைவது, பதினொன்றாம் வகுப்பில் செயற்கைக்கோள் படத்தால் ஏரியை அளப்பது என்று படிப்படியாகக் கொண்டுபோகலாம். புவியியல் ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில் முறையான பயிற்சி கொடுக்க வேண்டும். பொத்தான்களை வரிசையாக மனப்பாடம் செய்யவைக்கும் பயிற்சி எந்தப் பயனும் தராது. ஒரு கேள்வியோடு தொடங்கி ஒரு படத்தோடு முடியும் பயிற்சியே நிற்கும்.

அடுத்தது உள்ளாட்சி. தமிழ்நாட்டில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் உள்ளன. ஆண்டுதோறும் அவை வளர்ச்சித் திட்டம் தயாரிக்கின்றன. குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, வடிகால், புறம்போக்கு ஆகியவற்றின் வரைபடம் கிராம சபைக் கூட்டத்தில் சுவரில் தொங்கினால், எந்தத் தெரு விடுபட்டது என்பதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கு ஒதுக்குப்புறமாகத் தள்ளப்பட்ட குடியிருப்புக்கு முன்பாகவே குழாய்க்கோடு நின்றுவிடுவதைக் கோடாகவே எல்லோரும் பார்ப்பார்கள். ஊராட்சிச் செயலருக்கோ ஊரில் பட்டம் படித்த இளைஞர் ஒருவருக்கோ இந்தப் பயிற்சியைக் கொடுப்பதற்கு ஆகும் செலவு, தவறான இடத்தில் கட்டிப் பாழாகும் ஒரு சிறு பாலத்தின் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

மூன்றாவது, தரவு. தமிழ்நாடு அரசின் இணைய சேவையில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் புலப்படத்தைப் பார்க்கலாம். மாநில அரசின் புவியியல் தகவல் தளமான டிஎன்ஜிஐஎஸ் பல அடுக்குகளைத் திரையில் காட்டுகிறது. இவை நல்ல தொடக்கம். ஆனால் திரையில் பார்ப்பது போதாது. கிராம எல்லை, வார்டு எல்லை, நீர்நிலை எல்லை ஆகியவற்றைக் கணினியில் ஏற்றி ஆராயக்கூடிய கோப்பாகவே அரசு வெளியிட வேண்டும். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அறிவிக்கப்பட்ட பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். அந்த எல்லைக்கோடு தரையில் எந்தெந்தச் சர்வே எண்கள் வழியாகப் போகிறது என்ற கேள்வி நீதிமன்றம்வரை போய் நிற்கிறது. அறிவித்த நாளிலேயே அந்த எல்லை திறந்த கோப்பாக எல்லோர் கைக்கும் வந்திருந்தால், மனை வாங்குகிறவரும் அனுமதி கொடுப்பவரும் ஒரே கோட்டைப் பார்த்திருப்பார்கள்.

கோப்பின் வகையும் முக்கியம். பல துறைகள் இன்னும் ஷேப்ஃபைல் என்னும் பழைய வகையில்தான் தரவுகளை வைத்திருக்கின்றன. ஒரே அடுக்குக்கு மூன்று நான்கு கோப்புகள். ஒன்று தொலைந்தாலும் வேலை கெடும். அட்டவணைத் தலைப்புக்குப் பத்து எழுத்து இடம்தான் உண்டு. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் குறைந்தது மூன்று இடங்களைப் பிடிப்பதால் தமிழில் மூன்று எழுத்துக்கு மேல் தலைப்பு வைக்க முடியாது. 2014இல் வந்த ஜியோபேக்கேஜ் இந்தக் கட்டுகள் இல்லாதது. எல்லா அடுக்குகளும் ஒரே கோப்பில் அடங்கும். முழுத் தலைப்பையும் தமிழிலேயே எழுதலாம். தரவு வெளியிடும் ஒவ்வொரு துறையும் இதற்கு மாறுவது, தமிழில் வரைபடம் செய்பவருக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

கடைசியாக, நூல்கள். வரைபட மென்பொருளைத் தமிழ்நாட்டு நிலத்தையும் தரவையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு தமிழில் விளக்கும் நல்ல கையேடுகள் வேண்டும். காவிரியின் கிளையாறுகளை வைத்துக் கோடுகளையும், இராமநாதபுரத்துக் கண்மாய்களை வைத்துப் பரப்புகளையும், 78 பாகைக் கோட்டை வைத்து ஆயத்தொலைவையும் விளக்கும் ஒரு நூல், ஆங்கிலக் காணொளிகள் பல செய்ய முடியாததைச் செய்யும். தமிழ் இணையக் கல்விக்கழகமும் பல்கலைக்கழகத் துறைகளும் இந்தப் பணியை எடுத்துக்கொள்ளலாம்.

அரசு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சுமாரான ஒரு மடிக்கணினியும், ஒருமுறை பதிவிறக்க இணைய இணைப்பும், சில வார மாலைப்பொழுதுகளும் இருந்தால் யாரும் தொடங்கலாம். முதலில் உங்கள் ஊரின் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, ஏரியின் கரையை ஒரு பரப்பாக வரையுங்கள். ஊர்ப் பெரியவர்களை அருகில் உட்காரவைத்து, அவர்கள் சொல்லும் வரத்துக்கால்களையும் மடைகளையும் கலிங்கையும் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் சேருங்கள். யார் சொன்னது, எந்த நாளில் சொன்னது என்பதை அட்டவணையில் எழுதுங்கள். நேரில் நடந்து போய்ச் சரிபாருங்கள். பிறகு அதை அச்சிட்டு அடுத்த கிராம சபையில் முன்வையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அந்தப் படமும் ஏறட்டும். அப்படி ஏறிய படத்தை ஓரம்கட்டிவிட்டு அந்த ஏரியின் மேல் வேறொரு கோடு போடுவது எவருக்கும் எளிதாக இருக்காது.